நாய்க்குத் தயிர்சாதமா, கறியா?

"எங்க டாமி சுத்த சைவம். தயிர்சாதம் தவிர எதையும் தொடாது!" என்று பெருமைப்படுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். "நாய்னா கறிதான் போடணும். சோறு அதுக்கு ஆகாது" என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. யார் சொல்வது சரி?

நாய் ஓநாய் வழிவந்தது. கூரான கோரைப் பற்களும், கத்தரிக்கோல் போல இறைச்சியை வெட்டும் கடைவாய்ப் பற்களும் அதற்கு உண்டு. ஆனால் அவற்றுக்குப் பின்னாலேயே, அரைத்துத் தின்பதற்கான தட்டையான பற்களும் இருக்கின்றன.

வயிற்றுக்குள்ளும் இதே கதைதான். சோற்றிலுள்ள மாவுச்சத்தை ஜீரணிக்க அமைலேஸ் என்ற என்சைம் வேண்டும். 2013-ல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நாயையும் ஓநாயையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இந்த என்சைமுக்கான மரபணு ஓநாய்க்கு 2 பிரதிகள்தான். நாய்களுக்கோ 4 முதல் 30 வரை! மனிதனோடு சேர்ந்து வாழ்ந்து, அவன் போட்ட மிச்சம் மீதியைத் தின்று பழகியதால் வந்த மாற்றம் இது. பூனை இறைச்சியிலிருந்தே பெற வேண்டிய டாரின் என்ற சத்தை, நாய் தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும்.

'அப்போ தயிர்சாதமே போதுமே!' என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். ஜீரணமாவது வேறு, சத்து கிடைப்பது வேறு. வளரும் குட்டிக்குப் புரதமும் கால்சியமும் நிறைய வேண்டும். வெயிலில் நின்றால் நம் தோலில் வைட்டமின் டி உற்பத்தியாகும். நாய்க்கு அது போதிய அளவு நடக்காது, உணவில்தான் வர வேண்டும். இவை குறைந்தால் குட்டியின் கால்கள் வளைந்துபோகும்.

வெறும் கறி போட்டாலும் இதே ஆபத்துதான். கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அதை ஈடுகட்ட உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும். எலும்பு மெலிந்து, லேசாகக் குதித்தாலே முறியலாம்.

ஆகவே கலந்து கொடுங்கள். குழையவெந்த சோறு, எலும்பில்லாத கோழிக்கறி அல்லது வேகவைத்த முட்டை, கொஞ்சம் காரட் அல்லது பூசணி. கறி சமைக்காத வீடா? முட்டை, பனீர், நன்றாக வெந்த பருப்பு கைகொடுக்கும். எதுவானாலும், கால்சியமும் வைட்டமின்களும் எவ்வளவு சேர்ப்பது என்று கால்நடை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

'எதையும் தின்னும்' என்று எல்லாவற்றையும் போட்டுவிடாதீர்கள். வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை எல்லாம் நாய்க்கு விஷம். சாம்பார் சாதமும், திராட்சை போட்ட பாயசமும் வேண்டவே வேண்டாம். வெந்த எலும்பு சிலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும்.

குட்டி நொண்டுகிறதா, கால் வளைகிறதா? நீங்களே கால்சியம் டானிக் வாங்கி ஊற்றாதீர்கள். பெரிய ஜாதிக் குட்டிகளுக்குக் கால்சியம் அதிகமானாலும் எலும்பு கெடும். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். எலும்பு வளரும் பருவத்தில் ஒவ்வொரு நாளும் முக்கியம்.