'ப்ரையர்' என்ற சொல்லைக் கண்டால் நின்று படியுங்கள்

 

வேலை ஒப்பந்தம், காப்பீட்டுப் பத்திரம், கல்லூரிச் சுற்றறிக்கை என்று எதை எடுத்தாலும் 'ப்ரையர்' என்ற ஆங்கிலச் சொல் கண்ணில் படும். பி, ஆர், ஐ, ஓ, ஆர் என்பது அதன் எழுத்துக்கூட்டு. பிரார்த்தனையைக் குறிக்கும் 'ப்ரேயர்' வேறு சொல். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இது லத்தீன் மொழியிலிருந்து வந்த பெயரடை. 'முந்திய', 'முன்கூட்டிய' என்று பொருள். முன்னுரிமை என்ற பொருளில் நாம் சொல்லும் 'ப்ரையாரிட்டி'யும் இதன் உறவுச் சொல்தான். பெரும்பாலும் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்.

ப்ரையர் எக்ஸ்பீரியன்ஸ்: இந்த வேலைக்கு வருமுன் பெற்ற அனுபவம்.

ப்ரையர் இன்டிமேஷன்: முன்கூட்டியே தகவல் சொல்வது. சொன்னால் போதும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ப்ரையர் அப்ரூவல்: முன் ஒப்புதல். இங்கே சொன்னால் மட்டும் போதாது; 'சரி' என்ற பதில் கைக்கு வந்த பிறகே காரியத்தில் இறங்க வேண்டும். திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்குக் காப்பீட்டுப் பத்திரத்தில் இப்படி எழுதியிருந்தால், முதலில் ஒப்புதல், அடுத்தது சிகிச்சை. வரிசை மாறினால் செலவு நம் தலையில் விழலாம்.

ப்ரையர் நோட்டீஸ்: முன்னறிவிப்பு. இதற்கு முன்னால் 'வித்அவுட்' சேர்ந்தால், முன்னறிவிப்பு இல்லாமலே செய்யலாம் என்று பொருள் தலைகீழாகிவிடும்.

வளைகுடா செல்லும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தனியார் துறைத் தொழிலாளர் சட்டப்படி, ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள நினைப்பவர் எழுத்து மூலம் முன்னறிவிப்பு தர வேண்டும். அந்தக் காலம் 30 நாட்களுக்குக் குறையக் கூடாது. 90 நாட்களைத் தாண்டவும் கூடாது. இது முதலாளிக்கு மட்டுமல்ல, தொழிலாளிக்கும் பொருந்தும். அறிவிக்காமல் வேலையை விட்டால், அந்த நாட்களுக்குரிய சம்பளத்தை அவரே ஈடாகக் கட்ட நேரும். சோதனைக் காலத்துக்குத் தனி விதி உண்டு. வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டமே உண்டு. ஆகவே கையெழுத்துப் போடுமுன், 'நோட்டீஸ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறது எனப் பாருங்கள்.

இனி இலக்கணம். ஆங்கிலத்தில் ஒப்பிட்டுச் சொல்லும்போது பெரும்பாலும் 'தேன்' வரும். ஆனால் சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், ப்ரையர் ஆகியவற்றுக்குப் பின் 'டு'தான் வரும். 'ப்ரையர் டு' என்றால் 'பிஃபோர்', அதாவது 'முன்பு'. பேச்சுக்குப் 'பிஃபோர்' போதும். அலுவலகக் கடிதத்துக்கு 'ப்ரையர் டு' பொருந்தும்.

'ப்ரையர் டு ஜூன் 15' என்றிருந்தால் 15ஆம் தேதி அதில் சேராது. 14ஆம் தேதியே கடைசி நாள். 'ஆன் ஆர் பிஃபோர் ஜூன் 15' என்றிருந்தால் 15ஆம் தேதியும் சேரும். இந்த ஒரு நாள் வித்தியாசத்தில் உதவித்தொகை விண்ணப்பமே தள்ளுபடியாகிவிடலாம்.

'ப்ரீவியஸ்' பெரும்பாலும் வரிசையில் இதற்குச் சற்று முன் இருந்ததைச் சொல்லும். 'ஃபார்மர்' என்பது முன்பு அப்படி இருந்து, இப்போது அப்படி இல்லாததைச் சொல்லும். முன்னாள் தலைமையாசிரியர் என்பது போல. 'ப்ரையர்' ஒரு செயலுக்கோ நாளுக்கோ முன்னால் உள்ளதைச் சொல்லும்.

ஆகவே இந்தச் சொல்லைக் கண்டதும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எதற்கு முன்? எத்தனை நாள் முன்? முன்கூட்டிச் செய்ய வேண்டியவர் யார்? விடை தெரிந்த பிறகு பேனாவை எடுங்கள்.

இந்த வாரம் வீட்டில் உள்ள ஏதாவது ஓர் ஆங்கிலப் பத்திரத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து, இந்தச் சொல் எங்கே வருகிறது என்று தேடச் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் வேறொரு சொல்லைப் பார்ப்போம்.