இரைச்சலின் நடுவே ஒரு குரல்

அரிசியில் கிடக்கும் கல்லைப் பொறுக்குவது ஒரு வேலை. நெல்லில் கலந்த பதரை முறத்தில் இட்டுப் புடைப்பது வேறொரு வேலை. கல் கிடக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும்; விரலால் எடுத்து எறிந்துவிடலாம். பதரோ முறம் முழுவதும் பரவியிருக்கும். கை சற்று ஓங்கிவிட்டால் சிறு மணிகளும் பதரோடு பறந்து போகும். நம் அன்னையர் நன்கறிந்த இவ்விரு வேலைகளையும் அமெச்சூர் வானொலிக் கருவியில் இரண்டு பொத்தான்கள் செய்கின்றன. ஒன்று தானியங்கி நாட்ச் வடிப்பான். மற்றொன்று இரைச்சல் குறைப்பான். இவை எவ்வாறு இயங்குகின்றன, எந்த அளவுக்கு நம்பத்தக்கவை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஹாம் வானொலியும் அதன் தேவையும்

அமெச்சூர் வானொலியை ஹாம் வானொலி என்றும் அழைப்பர். தேர்வு எழுதி, மத்திய அரசின் உரிமம் பெற்று, ஊதியம் கருதாமல் தம் சொந்தக் கருவியைக் கொண்டு உலகோடு பேசுவோரே ஹாம்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. நம் நாட்டின் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம். அவருடைய குறி வி.யு.2 ஆர்.ஜி.

இது வெறும் பொழுதுபோக்குத்தானா என்று சிலர் கேட்கலாம். 2004 டிசம்பர் மாதம் ஹைதராபாத்தைச் சேர்ந்த தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழுவினர் அந்தமானுக்குச் சென்று, போர்ட் பிளேரிலிருந்து உலக ஹாம்களுடன் பேசி வந்தனர். அக்குழுவின் தலைவி பாரதி பிரசாத் என்ற பெண்மணி. டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை தீவுகளைத் தாக்கியது. தொலைபேசிகள் ஓய்ந்தன. அவரோ வானொலிக் கருவியைத் துயர்துடைப்புப் பணிக்குத் திருப்பினார். யார் உயிரோடு இருக்கிறார், எங்கே என்ன வேண்டும் என்ற செய்திகள், தவித்துக் கிடந்த உறவினருக்கும் அதிகாரிகளுக்கும் அவ்வழியே சென்றன.

இத்தகைய நேரத்தில் ஒரு பெயரோ, ஓர் எண்ணோ தவறாகக் காதில் விழுந்தால் என்ன ஆகும்? ‘எட்டுப் பேர்’ என்பது ‘பத்துப் பேர்’ ஆகிவிட்டால்? எனவே இரைச்சலின் நடுவே குரலைப் பிரித்தறிவது, உயிர்களைப் பற்றிய காரியமாகவும் ஆகிவிடுகிறது.

சீழ்க்கை எங்கிருந்து வருகிறது?

ஹாம் கருவியில் கேட்கும் இடையூறுகளை இரு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று சீழ்க்கை, மற்றொன்று இரைச்சல்.

ஒருவர் 7,050 கிலோஹெர்ட்ஸில் பேசிக்கொண்டிருக்கிறார் என்று கொள்வோம். வழக்கப்படி அவர் குரல் அந்த எண்ணுக்குச் சற்றுக் கீழே பரவியிருக்கும். அதே சமயம் வேறொருவர் தம் கருவியைச் சோதிக்க 7,049 கிலோஹெர்ட்ஸில் வெறும் அலையை அனுப்புகிறார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 1 கிலோஹெர்ட்ஸ். ஆகவே நம் ஒலிபெருக்கியில் 1,000 ஹெர்ட்ஸ் சீழ்க்கை ஒன்று இடைவிடாமல் ஒலிக்கும். முன்பு 7,100 முதல் 7,200 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் நம் நாடு இருக்கும் மண்டலத்தில் ஒலிபரப்பு நிலையங்களும் இருந்தன. 2003-ஆம் ஆண்டு உலக வானொலி மாநாட்டின் முடிவின்படி அவை 2009 மார்ச் மாத இறுதியில் அப்பகுதியை விட்டு விலகின. அதனால் சீழ்க்கைத் தொல்லை குறைந்ததே தவிர, ஒழிந்துவிடவில்லை.

இரைச்சல் பிறக்கும் இடங்களோ பல. சித்திரை வைகாசியிலும் ஐப்பசியிலும் வானத்து மின்னல் படபடவென்று வெடிக்கும். விரிசல் விட்ட மின்கம்பக் குமிழில் பொறி பறந்தால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் இரு முறையாக, வினாடிக்கு 100 முறை கரகரக்கும். சமையலறை மிக்ஸி, எல்.ஈ.டி. விளக்கு, செல்பேசி சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர் ஆகியவையும் தம் பங்கைச் சேர்க்கும். நம் ஜேடர்பாளையம் போன்ற ஊரில் நகரத்து நெரிசல் இல்லாவிட்டாலும், பம்புசெட் ஸ்டார்ட்டர்களும் வயல்வெளி மின்கம்பிகளும் இல்லாத இடம் ஏது?

ஊகித்துப் பார்க்கும் கணக்கு

மேற்சொன்ன இரு பொத்தான்களுக்கும் பின்னால் இருப்பது ஒரே கருத்து என்பது நமக்கு வியப்பளிக்கக்கூடும். 1960-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பெர்னார்ட் விட்ரோவும் அவருடைய மாணவர் டெட் ஹாஃபும், தன் பிழையைக் கண்டு தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் ஒரு கணக்கு முறையை வெளியிட்டனர். அதே ஹாஃப் பின்னாளில் இன்டெல் நிறுவனத்தில், 1971-இல் வெளிவந்த நுண்செயலியின் உருவாக்கத்தில் பங்கு கொண்டார்.

இம்முறை எவ்வாறு இயங்குகிறது? கருவி ஒலியை வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. கடந்துபோன எண்களைக் கொண்டு, அடுத்து வரும் எண் எதுவாக இருக்கும் என்று ஊகிக்கிறது. உண்மையான எண் வந்ததும் தன் ஊகத்தோடு ஒப்பிட்டு, பிழைக்குத் தக்கபடி சிறிது திருத்திக்கொள்கிறது. திருத்தி எழுதித் திருத்தி எழுதி எழுத்துப் பிழையைப் போக்கிக்கொள்ளும் நல்ல மாணவியைப் போன்றது இது.

சீழ்க்கை, மாறாமல் திரும்பத் திரும்ப வருவது. அதிர்வெண் தெரிந்தால், முந்திய இரண்டு அளவுகளைக் கொண்டே அடுத்த அளவைச் சொல்லிவிடலாம். திரிகோணமிதி படிப்போர் இதைத் தாமே நிறுவிப் பார்க்கலாம். மின்னல் வெடிப்பும் சலசலப்பும் ஊகத்துக்கு அடங்கா. மனிதக் குரல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ‘ஆ’ என்று நீட்டும்போது ஒரு சிறு கணத்துக்கு ஊகிக்கலாம். அடுத்த எழுத்து வந்ததும் ஊகம் தவறிவிடும்.

ஊகிக்க முடிந்த பகுதியை எறிந்துவிட்டு மீதியைக் கேட்டால் சீழ்க்கை மறைகிறது. அதுவே தானியங்கி நாட்ச். ஊகிக்க முடிந்த பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எறிந்தால் இரைச்சல் குறைகிறது. அது இரைச்சல் குறைப்பு முறைகளுள் ஒன்று. முன்னதில் நீண்ட காலம் மாறாதவற்றைத் தேடுகிறோம். பின்னதில் குறுகிய காலம் மாறாதவற்றைத் தேடுகிறோம். வேறுபாடு அவ்வளவே.

கல் பொறுக்குவதில் வெற்றி

நாட்ச் தன் வேலையைச் சிறப்பாகவே செய்கிறது. நல்ல கருவியில் சீழ்க்கையின் ஆற்றல் 40 டெசிபெல், அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ குறையும். பொத்தானை அழுத்திய சிறிது நேரத்தில் சீழ்க்கை அடங்கும். இரண்டு மூன்று சீழ்க்கைகள் ஒன்றாக வந்தாலும் தானே தேடி நீக்கும். குரலுக்கு நேரும் சேதமோ மிகச் சிறிது.

ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, மோர்ஸ் குறிகளும் சீழ்க்கை ஒலியே அல்லவா? தானியங்கி நாட்ச் கல்லுக்கும் மணிக்கும் வேறுபாடு அறியாது. நாம் கேட்க விரும்பும் செய்தியையே பொறுக்கி எறியத் தொடங்கும். ஆகவே மோர்ஸ் கேட்கும்போது அதை நிறுத்தி வைக்க வேண்டும்.

இரண்டாவது எச்சரிக்கையை நம் ஊர் அணையைக் கொண்டு விளக்கலாம். ஜேடர்பாளையத்தில் காவிரி நீர் ராஜா வாய்க்காலுக்குள் செல்கிறது. ஆற்றில் நீர் பெருகும்போது வாய்க்கால் உடையாதிருக்க மதகைத் தாழ்த்துவார்கள். வானொலிக் கருவியிலும் இப்படி ஒரு மதகு உண்டு, அதை ஏ.ஜி.சி. என்பர். வலிமையான அலை வந்தால் அது ஒலிப்பெருக்கத்தைத் தானே குறைத்துவிடும். நாட்ச் இந்த மதகுக்குப் பின்னால் அமைந்திருந்தால், சீழ்க்கை நம் காதுக்கு எட்டாவிட்டாலும் மதகைத் தாழ்த்திக்கொண்டேதான் இருக்கும். மெல்லிய குரலும் அதனோடு அமிழ்ந்து போகும். நாட்ச் மதகுக்கு முன்னால் அமைந்த கருவிகளில் இக்குறை இல்லை. வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

பதர் புடைப்பதில் பாதி வெற்றி

இரைச்சல் குறைப்பின் நிலை வேறு. குரல் நன்றாகக் கேட்கும்போது அதை இயக்கினால் பின்னணிச் சலசலப்பு அடங்கி, மணிக்கணக்கில் கேட்டாலும் தலைவலி தோன்றாது. இதுவும் நன்மையே. ஆனால் குரலும் இரைச்சலும் ஏறக்குறைய சமமாக இருக்கும்போது, பேசுபவர் தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல் தோன்றும். காரணம் எளிது. ‘ச’, ‘ஸ’ போன்ற ஒலிகளும், ‘ப’, ‘த’, ‘ட’ வெடிக்கும் கணமும் இயல்பிலேயே இரைச்சலை ஒத்தவை. பதரோடு இந்தச் சிறு மணிகளும் பறந்துவிடுகின்றன. ‘எட்டு’ என்பதையும் ‘பத்து’ என்பதையும் பிரித்துக் காட்டுவதில் இந்த ஒலிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

2007-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழக டல்லஸ் வளாகத்தைச் சேர்ந்த யி ஹூ, பிலிப்போஸ் லோய்சு ஆகிய இரு ஆராய்ச்சியாளர்கள் எட்டு வகை இரைச்சல் குறைப்பு முறைகளை மனிதச் செவிகளைக் கொண்டு சோதித்தனர். ஏறக்குறைய எல்லா நிலைகளிலும் சொற்கள் முன்பைவிட அதிகமாகப் புரியவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. செவிக்கு இனிமை வேறு, பொருள் தெளிவு வேறு என்பது இதனால் விளங்கும். ஹாம்களும் இவ்வேறுபாட்டை நெடுங்காலமாக அறிவர். அவர்கள் பரிமாறும் ‘59’ என்ற மதிப்பெண்ணில் 5 என்பது தெளிவுக்கு, 9 என்பது வலிமைக்கு. இரைச்சல் குறைப்பு முதல் எண்ணை உயர்த்துகிறதா என்பதே அதற்குரிய உண்மையான பரீட்சை.

எவ்வாறு பயன்படுத்துவது?

முதலில், இரைச்சல் பிறக்கும் இடத்திலேயே அதை நிறுத்த முயல வேண்டும். இதை நம் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு நடுத்தர அலை டிரான்சிஸ்டர் பெட்டியை எல்.ஈ.டி. விளக்கின் அருகிலும், ஓடும் மிக்ஸியின் அருகிலும் கொண்டு செல்லுங்கள்; குற்றவாளி தானே அகப்படும். கெட்ட சார்ஜர் ஒன்றைப் பிடுங்கி வைப்பதால் வரும் அமைதியை எந்தப் பொத்தானும் தர இயலாது.

அடுத்து, தேவையற்ற அகலத்தைக் குறைக்க வேண்டும். மோர்ஸ் கேட்கையில் 2,400 ஹெர்ட்ஸ் அகலத்தை 500 ஹெர்ட்ஸாகச் சுருக்கினால், பரவலான இரைச்சலின் ஆற்றல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடும். மூன்றாவதாக, சீழ்க்கை இருந்தால் நாட்ச். இறுதியாக, இரைச்சல் குறைப்பைக் கைப்பிடி உப்பாக அல்ல, சிட்டிகை உப்பாகச் சேர்க்க வேண்டும். செய்தி முக்கியமானதாயின் அதை ஒருமுறை நிறுத்திவிட்டும் கேட்க வேண்டும். இரைச்சலோடு கூடிய குரலே சில வேளைகளில் தெளிவாக இருக்கும்.

இவ்வளவும் செய்த பின்னரும் ஐயம் எழுந்தால்? அதற்கு ஹாம்கள் பழைய வழி ஒன்றையே நம்புகின்றனர். எழுத்துக்களை ‘ஆல்ஃபா, பிராவோ, சார்லி’ என்று சொற்களாகச் சொல்வார்கள். எண்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லி, அனுப்பியவர் ‘சரி’ என்ற பின்னரே ஏட்டில் எழுதுவார்கள்.

அன்பு மாணவியரே, வராத ஒலியை எந்தக் கருவியாலும் வரவழைக்க முடியாது. வந்த ஒலியில் சிலவற்றை நீக்கத்தான் அதனால் முடியும். எதை நீக்குவது, எதைக் காப்பது என்று தீர்மானிப்பது கேட்பவருடைய பொறுப்பு. புரியாதபோது புரிந்ததாகத் தலையசைக்காமல், ‘மீண்டும் ஒருமுறை சொல்லுங்கள்’ என்று கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். வகுப்பறையிலும் அது பயன் தரும். ஆபத்துக் காலத்தில் தொலைவில் ஒருவர் தம் பெயரைச் சொல்லி உதவிக்கு அழைக்கும்போது அவருடைய உயிரையும் காக்கும்.