ஸ்லிப் என்னும் சொல்

திருமுதுகுன்றம் என்னும் தமிழ்ப் பெயரை வடமொழியாளர் விருத்தாசலம் எனப் பெயர்த்தனர். முதுமை விருத்தமாயிற்று, குன்றம் அசலமாயிற்று, பொருள் சிறிதும் பிறழ்ந்திலது. இங்ஙனம் செவ்விய மொழிபெயர்ப்பாற் பெயர் பெற்ற ஊரிலேயே யாம் ஓர் ஆங்கிலச் சிறுசொல்லைப் பெயர்க்கப் புகுந்து இடர்ப்பட்டோம்.

சென்ற விடுமுறையில் நண்பர் சிலருடன் அவ்வூர்ப் பீங்கான் தொழிற்பேட்டைக்குச் சென்றிருந்தோம். ஆண்டு ஒரு கூடத்தில் பொம்மை வார்த்துக்கொண்டிருந்தனர். வெண்களிமண் முதலியவற்றை நீரிலிட்டுக் கலக்கி, குறைந்த நீரிலேயே நன்கு ஓடும்பொருட்டுச் சிறிது சோடியம் சிலிகேட்டும் சேர்த்து, பாலேடுபோற் குழம்பாக்குகின்றனர். அதனைப் பாரிஸ் சாந்தினாலாகிய அச்சில் வார்க்க, அச்சு நீரை உறிஞ்சுகின்றது. மண் அச்சின் உட்சுவரிற் படிந்து ஓடுபோலாகின்றது. வேண்டிய தடிப்பு வந்தபின் எஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிடுவர். படிந்த மண் உலருங்கால் சுருங்கி அச்சைவிட்டு எளிதிற் பெயரும். இம்முறைக்கு ஸ்லிப் காஸ்டிங் என்று பெயர்.

இம்மலருக்கு ஒரு கட்டுரை வரைய எண்ணிய யாம், குறிப்பேட்டில் ‘வழுக்கு வார்ப்பு’ என்று பெருமிதத்துடன் எழுதி உரக்கப் படித்தோம். வார்த்துக்கொண்டிருந்த மூதாட்டியார் நகைத்து, “இதிலே எது வழுக்குது தம்பி? ஒட்டுறதாலேதானே பொம்மையே உண்டாகுது?” என்றார். எமக்கு விடை தோன்றவில்லை.

கல்லூரி மீண்டு அகராதியைப் புரட்டியபோதே எம் பிழை விளங்கிற்று. ஒலியால் ஒன்றாய் நிற்பினும் இவை மூன்று சொற்கள். குழம்பைக் குறிப்பது, பசையும் சேறும் எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. வழுக்குதலைக் குறிப்பதும், துண்டுச் சீட்டைக் குறிப்பதும் வெவ்வேறு வழியாய் வந்து சேர்ந்தவை. தொல்வேரில் இவற்றிற்கு உறவுண்டெனக் கூறுவாரும் உளர்; அது நிற்க.

நம் நாட்டு வழக்கிலும் இச்சொல் பல்லுருக் கொண்டுலவுகின்றது. சம்பள ஸ்லிப், தேர்தற்காலத்துப் பூத் ஸ்லிப் ஆகியன சீட்டின் கிளைகள். பள்ளிப் பருவத்தில் நம்மை நடுங்கச் செய்த ஸ்லிப் டெஸ்ட், சிறுதாளில் எழுதும் சிறு தேர்வு. படியிற் கால் ஸ்லிப்பாவதும், பேச்சில் நாக்கு ஸ்லிப்பாவதும் வழுக்குதலின் கிளைகள். கிரிக்கெட்டில் விக்கெட்டு காப்பவரை அடுத்து ஸ்லிப்பில் நிற்பவர், மட்டையின் விளிம்பினின்று நழுவும் பந்துக்கன்றோ காத்திருக்கின்றார்! தலையணை எளிதில் நுழைதலின் அதன் உறையும் ஸ்லிப் எனப்பட்டது.

கால் வழுக்குதலினின்று பேச்சுப் பிழைக்குச் செல்லும் இப்பொருள் வளர்ச்சி ஆங்கிலத்திற்கே உரியதன்று. வழுவுதல் என்பதன் அடியாகவே நம் இலக்கணத்தார் பிழையை ‘வழு’ என்றனர். நன்னூலார் அதனைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகைப்படுத்தினார். வழுக்கு நிலத்தை ‘இழுக்கல்’ எனத் திருக்குறள் 415-ஆம் பாட்டுக் கூறும். அச்சொல்லின் இனமாகிய இழுக்கு என்பதோ குற்றத்தைக் குறிக்கும். எம் ‘வழுக்கு வார்ப்பு’ எவ்வகை வழுவென்பதைத் தமிழாசிரியர்கள் தீர்ப்பார்களாக.

மறுமுறை அவ்வூர்க்குச் சென்றபோது, ‘களிக்குழம்பு வார்ப்பு’ எனத் திருத்தி அம்மூதாட்டியாரிடம் படித்துக் காட்டினோம். “இது சரி தம்பி” என்றவர், அச்சைக் கவிழ்த்தவாறே, “ஆனா, நாங்க ஸ்லிப்புன்னுதான் சொல்லுவோம்” என்றார்.