வேலை தருபவர் காசு கேட்கமாட்டார்

கடலூர்–சிதம்பரம் சாலையில் குடிகாடு. சிப்காட் ஆலையில் ஒப்பந்த வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் டீக்கடையில் செல்போனை நீட்டினார். மகனுக்கு வாட்ஸ்அப்பில் வந்த ஆஃபர் லெட்டர். வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை, கைநிறையச் சம்பளம். கம்பெனியின் முகவரியைத்தான் காணோம்.

"நாலு லட்சம் கட்டச் சொல்றாங்க தம்பி. நம்ம பிள்ளைங்கள எடுக்கிறதே பெருசு இல்லையா?"

இந்த எண்ணம்தான் நம்மை ஏமாற வைக்கிறது. அதைச் சுற்றியுள்ள நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: மலிவு என்பதால்தான் வெளிநாட்டார் நம்மை எடுக்கிறார்கள்.

உண்மை: சென்னையில் இருந்தபடி செய்யும் வேலைக்கு இது பாதி உண்மை. ஆனால் ஹெச்-1பி விசாவில் அமெரிக்காவுக்கு அழைக்கும் நிறுவனம், அந்தப் பகுதியில் அந்த வேலைக்கு நிலவும் சம்பளத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்பது சட்டம். விசா மனுவுக்கான செலவும் நிறுவனத்துடையதே. அப்படியும் அழைப்பது திறமைக்காக. 1990களின் இறுதியில், ஆண்டை இரண்டே இலக்கத்தில் குறித்திருந்த பழைய நிரல்களை 2000 பிறப்பதற்குள் திருத்த வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஆள் போதவில்லை. நம் பொறியாளர்களுக்குக் கதவு அகலமாகத் திறந்தது அப்போதுதான்.

நம்பிக்கை: நாம் போனால் அந்த ஊர்க்காரர் வேலை பறிபோகும்.

உண்மை: உள்ளூர் ஆட்களை நீக்கிவிட்டு வெளியாட்களை வைத்த நிறுவனங்கள் உண்டு. அது தவறு. ஆனால் ஜெர்மனியைப் பாருங்கள். 2000இல் 20,000 ஐடி நிபுணர்களை அழைக்க அந்நாடு முடிவெடுத்தபோது, இந்தியர் வேண்டாம் என்று தேர்தல் முழக்கமே எழுந்தது. 2024இல் அதே ஜெர்மனி, இந்தியத் திறனாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தது. முதியோர் பெருகி, வேலைக்கு ஆள் குறைந்த நாட்டுக்கு நம் பிள்ளைகள் தேவை.

நம்பிக்கை: தூரத்தில் இருப்பவரை வைத்து வேலை ஓடாது.

உண்மை: கோடையில் சான் பிரான்சிஸ்கோவில் மாலை 6 மணி என்றால் இங்கே மறுநாள் காலை 6.30. அவர்கள் விட்ட இடத்திலிருந்து நாம் தொடரலாம். நேர வித்தியாசமே லாபம்.

நம்பிக்கை: பெரிய பட்டம் இல்லாதவருக்கு வழியில்லை.

உண்மை: 2023 நவம்பர் முதல் ஜெர்மனியின் ‘புளூ கார்டு’ என்ற வேலை அனுமதி, பட்டம் இல்லாத ஐடி பணியாளருக்கும் கிடைக்கும். கடந்த 7 ஆண்டுகளில் 3 ஆண்டு அனுபவமும் உரிய சம்பளத்தில் வேலையும் உறுதியாக இருக்க வேண்டும்.

நம்பிக்கை: பணம் கட்டினால்தான் வேலை.

உண்மை: பணம் கட்டினாலும் வேலை நிச்சயமில்லை. 2022இல் தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள், மியான்மரில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் ‘இ-மைகிரேட்’ தளத்தில் பார்க்கலாம். ஆள் அனுப்புவதற்கென்றே தமிழக அரசு 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது.

அண்ணனிடம் ஒன்றுதான் கேட்டேன்: "இன்டர்வியூ எப்ப நடந்துச்சு?"

"அதெல்லாம் இல்ல தம்பி."

உங்கள் பிள்ளையின் திறமை தேவைப்படுகிற நிறுவனம் முதலில் அதைச் சோதித்துப் பார்க்கும். பிறகு சம்பளம் பேசும். உங்களிடம் லட்சங்களைக் கேட்காது. கேட்டால், ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.