விட்டமும் நீர்த்தெளிப்பானும்

2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் பல மாடி ஜவுளிக்கடையொன்று தீக்கிரையாயிற்று. எஞ்சிய கட்டடத்தையும் இடிக்க நேர்ந்தது. தறியும் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் வாழும் காஞ்சியில், நாம் இதனைப் பிறர் கதையென விட்டுவிடலாகாது.

தானியங்கி நீர்த்தெளிப்பானின் வாயைச் சிறு கண்ணாடிக் குமிழ் அடைத்திருக்கும். சிவப்புக் குமிழ் 68 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உடையும். சூடேறிய வாய் மட்டுமே திறக்கும். பட்டனைத்தும் நனைந்துவிடுமென்ற அச்சம் வேண்டா.

திறந்த வாயிலிருந்து நீர் குடைபோல் விரிந்து விழும். அக்குடையை விட்டமோ மின்விசிறியோ மறித்தால், அப்பாலுள்ள தறிக்கு நீர் எட்டாது. தீ அங்கே வளரும். விட்டத்தைத் தவிர்க்கத் தெளிப்பானை மிகத் தாழ்த்துவதும் தவறு. வெப்பம் முதலில் கூரையடியிலேயே திரளுமாதலால், குமிழ் உடையத் தாமதமாகும். ஆழ்ந்த விட்டங்களிருப்பின், அவற்றின் இடைவெளிதோறும் ஒரு தெளிப்பான் வைப்பதே முறை.

வீடுகளுக்கான அமெரிக்க விதி, கீழ்நோக்கிய தெளிப்பானை விசிறியின் நடுவிலிருந்து 3 அடியேனும் தள்ளி வைக்கப் பணிக்கிறது. சங்கக் கிடங்கிலோ, சேலைப் பெட்டி அடுக்கின் உச்சிக்கும் தெளிப்பானுக்கும் இடையே 18 அங்குலமேனும் வெற்றிடம் வேண்டும்.

ஆதலின் அங்கத்தினர்களே, குழாய் பொருத்துமுன் விட்டம், விசிறி, அடுக்கு ஆகிய மூன்றையும் வரைபடத்தில் குறித்துக்கொள்வோமாக.