ஆர்.ஓ.எம். என்பது நிச்சயதார்த்தம் அல்ல

மலாக்கா ஜாசினில் தை பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகள் நம் கையில் இல்லை. போன வாரம் தோட்டத்திலிருந்து உறவுக்காரத் தம்பி ஒருவர் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். நான்கு மூலையிலும் மஞ்சள், தலையில் 'உ', நடுவில் 'திருவளர்ச்செல்வன்' என்று தங்க எழுத்து. தண்ணீர் குடிப்பதற்குள் குறை வந்துவிட்டது.

"இவன் கடைசிப் பையன்ணே. 'திருநிறைச்செல்வன்'னுதானே போடணும்? அச்சகத்துல மாத்திட்டாங்க."

வீட்டில் இன்னும் கட்டிக்கொடுக்கப் பிள்ளை இருந்தால் 'வளர்', கடைசிப் பிள்ளைக்கு 'நிறை' என்ற இந்தக் கணக்கு வாட்ஸ்அப்பில் வருடா வருடம் சுற்றுகிறது. இலக்கணத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. செல்வம் வளர்கிற பிள்ளை, செல்வம் நிறைந்த பிள்ளை, இரண்டும் வாழ்த்துதான். அச்சகம் செய்த தப்பு வேறு. நடுவில் நிற்கும் அந்த 'ச்'. 'வளர்', 'நிறை' இரண்டும் இங்கே வினைத்தொகை. அதன் பின்னால் வல்லினம் மிகாது. பந்தியில் ஊறுகாய் வைக்கிறோம், 'ஊறுக்காய்' வைப்பதில்லை. அதேபோல் திருவளர்செல்வன், திருநிறைசெல்வி.

"ஐந்நூறு கார்டு அடிச்சாச்சேண்ணே" என்றார். சரி, ஒரு 'ச்' கூடியதால் எந்தக் கல்யாணமும் நின்றதில்லை. எழுந்து போகும்போது அவர் சொன்னதுதான் தூக்கிவாரிப் போட்டது. "ஆர்.ஓ.எம். போன வருஷமே முடிஞ்சிருச்சு, வீட்டு லோனுக்காக. அது சும்மா கையெழுத்துதானே. தாலி ஏறினாத்தான் கல்யாணம்."

ஒரு 'ச்'சுக்குக் கவலைப்பட்டவர் இதற்குக் கவலைப்படவில்லை. நம் கல்யாணங்களில் பாரமான எழுத்தை லேசாகவும் லேசான எழுத்தைப் பாரமாகவும் எடுத்துக்கொள்கிறோம்.

ஆர்.ஓ.எம். என்பது திருமணப் பதிவைக் குறிக்கும் ஆங்கில முதலெழுத்துகள். பதிவு செய்கிற இடம் ஜே.பி.என்., அதாவது தேசியப் பதிவிலாகா. இஸ்லாமியர் அல்லாத மலேசியர்களுக்கு இதை ஆள்வது 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். நடப்புக்கு வந்தது 1982 மார்ச் 1. பதிவாளர் முன்னால் மணம் முடித்துக் கையெழுத்துப் போட்டவர்கள் அன்றே கணவன் மனைவி. தாலி அடுத்த வருடம் ஏறினாலும் சரி, ஏறாமலே போனாலும் சரி. இடையில் மனம் மாறினால் 'பேச்சு முறிந்தது' என்று தட்டைத் திருப்பி அனுப்ப முடியாது. உயர் நீதிமன்றத்தில் மணவிலக்கு வாங்க வேண்டும். மணமாகி 2 ஆண்டு ஆகாமல் அதற்கு மனுவே போட முடியாது. விதிவிலக்கான கடுந்துன்பம் என்று நீதிமன்றம் தனி அனுமதி கொடுத்தால்தான் உண்டு. அந்த 2 ஆண்டும் பதிவு நாளிலிருந்து எண்ணப்படும். 'தாலிதான் கட்டலையே' என்று அதற்குள் வேறு இடத்தில் பெண் பார்த்துக் கட்டி வைத்தால், அது குற்றம்.

இதற்கு நேர்மாறாகவும் ஒரு நம்பிக்கை உண்டு. கோயிலில் ஐயர் முன்னால் கட்டினால் பதிவு தானாக ஆகிவிடுமாம். ஆகாது. கோயிலைச் சேர்ந்தவர்களை உதவிப் பதிவாளராக நியமிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அப்படி ஒருவர் உங்கள் கோயிலில் இருந்து, ஜே.பி.என். தந்த அனுமதிச் சான்றிதழைப் பார்த்து நடத்தி வைத்தால்தான் சடங்கும் பதிவும் ஒன்றாக முடியும். மண்டப புக்கிங்குக்கு முன்னால் கோயில் அலுவலகத்தில் இதைக் கேளுங்கள்.

"எங்க பாட்டிக்கு எந்தச் சான்றிதழ் இருந்துச்சு?" என்பார்கள். பாட்டி தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கட்டிக்கொண்டது 1982-க்கு முன்னால். அன்றைய வழக்கப்படி நடந்த மணங்களைப் புதுச் சட்டம் பதிவானதாகவே ஏற்றுக்கொண்டது. பேத்திக்கு அந்தச் சலுகை இல்லை. பதிவில்லாத சடங்கு மணம் செல்லும் என்றும் செல்லாது என்றும் நீதிமன்றங்கள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. அந்த வழக்கை யார் வீட்டுப் பணத்தில் நடத்துவது? பிள்ளை பிறந்தால் சிக்கல் இன்னும் பெரிது. பெற்றோர் மணம் பதிவாகாத குழந்தைக்குக் குடியுரிமை அம்மாவைப் பார்த்துத்தான். அம்மாவுக்கு ஐ.சி. என்கிற அடையாள அட்டை இல்லையென்றால், அப்பா தலைமுறை தலைமுறையாக மலாக்காக்காரராக இருந்தாலும், பிறப்புச் சான்றிதழில் 'குடிமகன் அல்லர்' என்று விழும்.

சட்டம் என்றாலே நம் வழக்கத்துக்கு எதிரி என்று நினைப்பதும் தப்பு. அக்கா மகளைத் தாய்மாமன் கட்ட மலேசியச் சட்டம் விடாது என்று பலர் உறுதியாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 11-ஆம் பிரிவு மாமன், மருமகள் உறவில் மணம் கூடாதுதான் என்கிறது. கையோடு, இந்து வழக்கப்படி அக்கா தங்கை மகளை மணப்பதற்கு விலக்கும் தருகிறது. நம் 'முறை'யைப் பெயர் சொல்லாமல் உள்ளே சேர்த்திருக்கிறார்கள். டாக்டர் என்ன சொல்வார் என்பது தனிக் கதை.

1982-இல் இன்னொன்றும் மாறியது. ஜனவரி 1 அன்று தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் நகர்த்தினார்கள். சனிக்கிழமை ராகு காலம் 9 முதல் 10.30 என்று மனப்பாடமாகச் சொல்கிறோமே, அது சூரியன் 6 மணிக்கு உதிக்கும் என்ற கணக்கு. மலாக்காவில் உதயம் 7 மணியை ஒட்டி வருகிறது. முறைப்படி உதயத்திலிருந்து எண்ணினால் ராகு 10 மணிக்கு மேல்தான் தொடங்கும். அதாவது 9 மணியைத் தவிர்த்து 10.45-க்குத் தாலி கட்டுகிறவர் நேராக ராகுவுக்குள் நுழைகிறார். ராகு காலம் பார்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். பார்ப்பதென்றால் ஜாசின் சூரியனை வைத்துப் பாருங்கள்.

பத்திரிகையின் அடியில் ஆர்.எஸ்.வி.பி. என்று போட்டு இரண்டு கைப்பேசி எண் இருக்கும். வர முடியாதவர்கள் மட்டும் அழைக்க என்று பலர் எண்ணுகிறார்கள். 'தயவுசெய்து பதில் சொல்லுங்கள்' என்பதற்கான பிரெஞ்சு முதலெழுத்துகள் அவை. வருகிறவரும் சொல்ல வேண்டும். சமையல்காரர் கேட்கிற 'பேக்ஸ்' என்பது தலைக்கணக்கு. பத்திரிகைக் கணக்கைச் சொல்லிவிட்டு ரசம் பற்றவில்லை என்று அவரோடு சண்டை போடாதீர்கள்.

முதலெழுத்துகளில் இன்னொன்று. ஐ.சி.யில் பெண்ணின் பெயருக்குப் பின்னால், 'மகள்' என்பதற்கு மலாய்ச் சுருக்கமாக வரும் ஏ.பி. கல்யாணத்தால் மாறாது. அப்பா பெயர் கடைசிவரை அங்கேயே இருக்கும்.

ஜே.பி.என்.னில் பாரம் கொடுத்தால் அறிவிப்பு வெளியாகி 21 நாள் கழித்துத்தான் அனுமதிச் சான்றிதழ் கிடைக்கும். அறிவிப்பு வெளியான 6 மாதத்துக்குள் மணம் முடிய வேண்டும். தை முகூர்த்தம் என்றால் மார்கழி பிறந்ததுமே பாரத்தைக் கொடுத்துவிடுங்கள். அதற்கு நல்ல நேரம் பார்க்க வேண்டாம், கௌண்டர் திறக்கிற நேரம் போதும்.