வீட்டிலே பெரணி வளர்ப்பு

பூவும் காயும் விதையும் இல்லாமல், இலையின் அழகு ஒன்றாலேயே மனத்தைக் கவரும் செடி பெரணி. நெல் வயலுக்குத் தழைச்சத்து தரும் அசோலாவும் பெரணி இனத்தைச் சேர்ந்ததே. கொல்லிமலையில் சூப்பு வைக்கும் முடவாட்டுக்கால் கிழங்கும் ஒரு பெரணியின் வேர்த்தண்டுதான்.

முல்லைப்பெரியாற்றுப் பாசனத்தில் லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. இத்தனை நீர்வளம் இருந்தும், கொடைக்கானலில் விலை கொடுத்து வாங்கி வரும் பெரணி இங்கு சில வாரங்களில் கருகிவிடுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் மூடுபனியில் நனைந்திருக்கும் ஊர். இங்கோ கோடை வெயிலும், ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் பலத்த காற்றும் இலையின் ஈரத்தை உறிஞ்சிவிடுகின்றன. ஆகவே ஏற்ற இரகத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுப்பதே முதல் வேலை.

ஏற்ற இனங்கள்

புதிதாக வளர்ப்போருக்கு நெஃப்ரோலெப்பிஸ் ஏற்றது. இதன் பாஸ்டன் இரகம் 1894-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு வந்த செடிகளிடையே கண்டறியப்பட்டது. அகன்ற இலைகள் கிண்ணம்போல் விரியும் பறவைக்கூட்டுப் பெரணியும் நிழலில் நன்கு வளரும். கரிய மெல்லிய காம்புடைய அடியாண்டம் வறண்ட காற்றைத் தாங்காது. அனுபவம் பெற்றபின் இதனை வளர்க்கலாம்.

இடம்

வீட்டின் கிழக்குத் திண்ணை மிகவும் நல்லது. காலை இளவெயில் கிடைக்கும். பிற்பகல் வெயிலையும் மேல்காற்றையும் வீடே தடுத்துவிடும். திறந்த முற்றமாயின் 75 சதவீத நிழல்வலை கட்டி, மேற்குப்புறத்தில் தட்டி வைத்து மறைக்கவும்.

தொட்டியும் மண்ணும்

அடியில் துளையுள்ள மண்தொட்டியை எடுத்து, துளையின்மேல் ஓட்டுச்சில்லுகளைப் பரப்பவும். மக்கிய இலை உரம் 2 பங்கு, செம்மண் 1 பங்கு, மணல் 1 பங்கு கலந்து, ஒரு கைப்பிடி கரித்துண்டும் சேர்த்து நிரப்பவும். வயல் களிமண் ஆகாது. நீர் தேங்கி வேர் அழுகும். நடும்போது குருத்து மண்ணுக்குள் புதையக் கூடாது.

நீரும் உரமும்

மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், சேறாகக் கூடாது. கோடையில் தேவைக்கேற்ப காலையும் மாலையும் நீர் ஊற்றலாம். கூழாங்கல் பரப்பிய தட்டில் சிறிது நீர்விட்டு, தொட்டியின் அடி நீரில் படாதவாறு கல்லின்மேல் வைத்தால் சுற்றிலும் ஈரப்பதம் கூடும். உப்பு மிகுந்த ஆழ்குழாய் நீரால் இலைநுனி கருகும். சேமித்த மழைநீர் மிக நன்று. பறவைக்கூட்டுப் பெரணியின் நடுக்குழியில் நீர் ஊற்ற வேண்டாம்.

நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம் கரைத்து, இருபது நாளுக்கு ஒருமுறை ஈரமண்ணில் ஊற்றினால் போதும்.

பழுப்புப் புள்ளி நோயா?

இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகளைக் கண்டதும் நோய் என்றெண்ணி மருந்து தெளிப்போரும், நல்ல இலைகளை வெட்டி எறிவோரும் உண்டு. நரம்பையொட்டி ஒரே சீராக வரிசைப்பட்டிருந்தால் அவை வித்துப்பைகள். பெரணியின் இனப்பெருக்கமே அவற்றால்தான். தாறுமாறாக, காம்பிலும் ஒட்டியிருந்து, நகத்தால் நீக்கினால் உதிர்ந்து, பிசுபிசுப்பும் எறும்பும் காணப்பட்டால் அது செதில் பூச்சி. ஈரப்பஞ்சால் துடைத்தெடுக்கவும். எண்ணெய் கலந்த மருந்துகள் மென்மையான இலைகளைக் கருக்கக்கூடும். ஓர் இலையில் சோதிக்காமல் தெளிக்க வேண்டாம்.

பெருக்கம்

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஐப்பசி மழை தொடங்கியதும் தூரைப் பிரித்து நடலாம். நெஃப்ரோலெப்பிஸ் விடும் ஓடுதண்டைப் பக்கத்துத் தொட்டி மண்ணில் பதித்தால் புதுச்செடி கிடைக்கும். பறவைக்கூட்டுப் பெரணியை வித்துத்தூளிலிருந்தே பெருக்க வேண்டும். முதிர்ந்த இலையைக் காகிதத்தில் மடித்து வைத்தால் தூள் உதிரும். கொதிநீர் ஊற்றி ஆறவைத்த இலை உரத்தின்மேல் அதைத் தூவி, கண்ணாடியால் மூடி நிழலில் வைக்கவும். சில வாரங்களில் பச்சைப் படலமும், அதன்பின் சில மாதங்களில் சிற்றிலைகளும் தோன்றும். பொறுமை தேவை.

காட்டில் பறிக்காதீர்

மேகமலையில் செழித்து நிற்கும் பெரணியைப் பெயர்த்து வர ஆசை எழலாம். 2021-ஆம் ஆண்டு முதல் அப்பகுதி ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அனுமதியின்றிச் செடி எடுப்பது குற்றம். எடுத்து வந்தாலும் சமவெளியில் பெரும்பாலும் பிழைக்காது. நாற்றங்காலில் வளர்ந்த செடியையே வாங்குங்கள். ஒரு தொட்டியில் தொடங்கி, அது ஓர் ஆடிக்காற்றைத் தாங்கிய பின் அடுத்ததை வாங்குவது சிக்கனமும் ஆகும்.